கிதாபுகளைக் காத்த வக்கீல்

பாட்னா நகரில் வக்கீல் தொழில் நடத்தி வந்த முஹம்மது பக்ஷ் அவர்கள் 1876ஆம் ஆண்டில் மரணப் படுக்கையில் கிடந்தபோது, மகனை அருகே அழைத்து ஒரு வஸிய்யத் செய்தார்கள். அது நிலபுலனைப் பற்றியதன்று. சம்பாத்தியத்தின் பெரும் பகுதியை அவர்கள் கிதாபுகளிலேயே செலவிட்டிருந்தார்கள். அரபியிலும் பார்ஸியிலுமாக 1,400 கையெழுத்துப் பிரதிகள் அவர்கள் வீட்டில் இருந்தன. அவற்றைப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு கலையிலும் தேவையான நூல்கள் சேர்ந்த பின் ஒரு கட்டடம் எழுப்பி, படிக்க விரும்பும் எவருக்கும் திறந்துவிட வேண்டும் என்பதே அந்த வஸிய்யத். மகன் ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 34. கையில் பெரும் செல்வம் கிடையாது. குடும்பச் சுமையோ நிறைய இருந்தது.

அந்த மகனே பிற்காலத்தில் கான் பகதூர் மௌலவி குதா பக்ஷ் கான் என்று இந்தியா முழுவதும் அறியப்பட்டவர். பாட்னாவில் கங்கைக் கரையோரம் இன்றும் அவருடைய பெயரால் நிற்கும் நூலகத்தைக் கேள்விப்படாத ஆராய்ச்சியாளர் உலகில் குறைவு. நம் தமிழ்நாட்டு வீடுகளில் அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் அதிகமில்லை என்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

பீஹாரின் அந்நாளைய ஸாரன் ஜில்லாவைச் சேர்ந்த குடும்பத்தில் 1842ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் தேதி அவர் பிறந்தார். ஔரங்கஸீப் ஆலம்கீர் பாதுஷாவின் காலத்தில் தொகுக்கப்பட்ட பதாவா ஆலம்கீரிய்யா என்னும் ஹனஃபீ மத்ஹபுப் பெருநூலின் தொகுப்பில் தம் முன்னோர்களுள் ஒருவரான காஜி ஹைபத்துல்லாஹ் பங்கு கொண்டார் என்று அக்குடும்பத்தார் சொல்லி வந்தார்கள். எழுதுவதும் எழுதியதைப் பாதுகாப்பதும் அவர்களுக்கு வழிவழியாக வந்த பழக்கம் போலும். பாட்டனார் விட்டுச் சென்றது சுமார் 300 பிரதிகள். அதைத் தகப்பனார் 1,400 ஆக்கினார். மகன் என்ன செய்தார் என்பதற்குப் பிறகு வருவோம்.

தகப்பனாரைப் பற்றிய ஒரு கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அக்காலத்தில் பாட்னாவில் எல்லியட் என்றொரு வெள்ளைக்கார நீதிபதி இருந்தார். அவருக்கும் கையெழுத்துப் பிரதிகளின் மேல் தீராத மோகம். இஸ்பஹான் கவிஞர் கமாலுத்தீன் இஸ்மாயீலின் திவான் ஒன்றை முஹம்மது பக்ஷிடம் இரவல் வாங்கிச் சென்றவர், பிறகு திருப்பித் தர மனமில்லாமல் போனார். பெரிய விலை தருவதாகச் சொன்னார். முஹம்மது பக்ஷ் பணத்தை வாங்க மறுத்துவிட்டார். ஆனாலும் கிதாபு திரும்பவில்லை. காலம் சென்றது. துரை உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சீமைக்குப் புறப்பட்டார். தாம் சேர்த்தவற்றுள் உயர்ந்தவற்றைத் தனிப் பெட்டிகளில் கட்டி வைத்தார். வேண்டாதவற்றை ஏலத்துக்கு ஒதுக்கினார். பெட்டிகள் இடம் மாறிவிட்டன. சீமைக்குப் போக வேண்டியது ஏலத்துக்கு வந்தது. முஹம்மது பக்ஷ் ஏலத்தில் எடுத்த பெட்டியைத் திறந்து பார்த்தால், அதில் தம்முடைய திவானும் இருந்தது, துரை ஆசையாகப் பொறுக்கி வைத்த வேறு பிரதிகளும் இருந்தன! இதைக் குதா பக்ஷ் தம் நண்பர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாராம்.

சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் இரவல் கிதாபு அமானத் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? பிறருடைய பாத்திரம் நம் அடுப்படியில் ஒரு வாரம் தங்கிவிட்டால் உம்மாமார்கள் பதறிப் போகிறார்கள். கிதாபு பத்து வருஷம் தங்கினாலும் யாரும் கேட்பதில்லை.

குதா பக்ஷ் பாட்னாவில் படித்தார். கல்கத்தாவில் சில காலம் படித்தார். தகப்பனார் பாரிச வாயுவால் விழுந்துவிட்டதால் ஊர் திரும்பிக் குடும்பத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. சிறு உத்தியோகம் பார்த்துக்கொண்டே சட்டப் படிப்பை முடித்தார். 1868ஆம் ஆண்டில் வக்கீலானார். தொழில் வெகு விரைவில் சூடு பிடித்தது. பின்னர் அரசாங்க வக்கீலாகவும் ஆனார். நகரசபையிலும் கல்வித் துறையிலும் பணியாற்றினார். கான் பகதூர் பட்டம் வந்தது. இவற்றையெல்லாம் விரித்து எழுத வேண்டிய அவசியமில்லை. அந்நாளில் கான் பகதூர்கள் ஏராளம். கோர்ட்டு முடிந்து வீடு வந்த பிறகு அவர் செய்த காரியமே நமக்கு முக்கியம்.

வக்கீல் தொழில் அவருக்குச் சோறு போட்டது. கிதாபு தேடுவது அவருடைய பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்றதும் லேசாக எண்ணிவிடக் கூடாது. கட்சிக்காரர் தந்த பணம் கையில் தங்காமல் அப்படியே கிதாபு வியாபாரிக்குப் போய்விடும். கையெழுத்துப் பிரதியை விற்கவென்று எந்த ஊரிலிருந்து யார் வந்தாலும், கொண்டுவந்ததை அவர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ரயில் கட்டணத்தைப் போல் இரு மடங்கு கொடுத்து அனுப்புவது அவர் வழக்கம். இது ஊர் ஊராகப் பரவிற்று. பழைய நவாபு குடும்பங்கள் நொடித்துப் போய், மாளிகைச் சாமான்கள் சந்தைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. 1857 கலகத்துக்குப் பின் டில்லியிலும் லக்னோவிலும் அரண்மனைக் கிதாபுகள் மூலைக்கு ஒன்றாய்ச் சிதறியிருந்தன. அரிய பிரதி ஒன்றை வைத்திருந்தவன் முதலில் பாட்னாவை நினைக்கும்படி அவர் செய்துவிட்டார்.

அத்துடன் நிற்கவில்லை. முஹம்மது மக்கீ என்ற அரபி ஒருவரை மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்திலும் அதற்கு மேல் கமிஷனிலும் அமர்த்திக்கொண்டார். அந்த மனிதர் பதினெட்டு வருஷ காலம் ஷாம் தேசம், மிஸ்ர், அரபு நாடு என்று அலைந்து, பழைய பள்ளிவாசல்களின் அருகிலும் கடைத்தெருக்களிலும் தேடித் தேடிப் பிரதிகளை அனுப்பினார். அந்நாளில் ராம்பூர் நவாபும் பெரிய கிதாபு சேகரிப்பாளர். ஒரு சமஸ்தானத்தின் கஜானாவோடு ஒரு வக்கீலின் சட்டைப் பை போட்டி போட்டது என்று சொன்னால் மிகையாகாது.

திருட்டும் நடந்தது. நூலகத்தில் பணி செய்த ஒருவர் உயர்ந்த பிரதிகள் சிலவற்றைக் களவாடி லாகூரிலுள்ள தரகர் ஒருவருக்கு அனுப்பிவிட்டார். தரகருக்கு விஷயம் தெரியாது. இவ்வளவு அருமையான சரக்கை விலை கொடுத்து வாங்கக் கூடியவர் இந்தியாவில் யார் என்று யோசித்து, குதா பக்ஷ் அவர்களுக்கே கடிதம் எழுதினார்! தம் கிதாபுகள் தமக்கே விலைக்கு வந்ததைக் கண்டு அவர் மீட்டுக்கொண்டார். ஒவ்வொரு பிரதியையும் முகம் பார்த்துப் பழகியவருக்கே இது சாத்தியம். வீட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாதவருக்குத் திருடு போனதும் தெரியாது, திரும்பி வந்ததும் தெரியாது.

இப்படியாக 1,400 பிரதிகள் சுமார் 4,000 ஆயின. சுமார் 80,000 ரூபாய் செலவில் இரண்டு மாடிக் கட்டடம் எழும்பிற்று. 1891ஆம் ஆண்டில் கிதாபுகளையும் கட்டடத்தையும் முறையாக எழுதிக்கொடுத்துப் பொதுமக்களுக்கு உரிமையாக்கினார். அவ்வாண்டு அக்டோபரில் வங்காள லெப்டினண்ட் கவர்னர் சர் சார்லஸ் எல்லியட் வந்து திறந்து வைத்தார். (மேலே சொன்ன நீதிபதி எல்லியட் வேறு, இவர் வேறு.) தகப்பனாரின் வஸிய்யத் நிறைவேறப் பதினைந்து வருஷம் பிடித்தது. பிரதிகள் பாட்னாவை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. மதம், ஜாதி பார்க்காமல் எவரும் வந்து படிக்கலாம். பிரபல சரித்திர ஆசிரியர் ஜாதுநாத் ஸர்க்கார் அவர்கள் அங்கே படித்தவர். மேலே சொன்ன கதைகள் சிலவற்றை உலகம் அறிந்ததும் அவருடைய எழுத்தால்தான்.

லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தார் முழுச் சேகரத்தையும் பெரும் தொகைக்குக் கேட்டதாகவும், தாம் ஏழையே ஆனாலும் தாமும் தம் தகப்பனாரும் ஆயுளை அர்ப்பணித்த பொருளைப் பணத்துக்குத் தர இயலாதென்று அவர் மறுத்ததாகவும் சொல்லப்படுகிறது. அதன் பிறகு அவர் கடன்பட்டதை நினைத்தால் இந்த மறுப்பின் கனம் விளங்கும்.

அங்கே என்னதான் இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தலுஸ் தேசத்து அறுவை வைத்தியர் அபுல் காஸிம் ஸஹ்ராவீயின் அத்தஸ்ரீப் நூலின் பழம் பிரதி உண்டு. சத்திர சிகிச்சைக் கருவிகளின் படங்கள் அதில் வரையப்பட்டிருக்கின்றன. தைமூர் வம்சத்தின் சரித்திரத்தைக் கூறும் தாரீகெ கான்தானெ தைமூரிய்யா உண்டு. 132 ஓவியங்களுடன் அக்பர் காலத்தில் உருவான அந்நூலுக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை. 2011இல் யுனெஸ்கோ அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஹாபிஸின் திவான் ஒன்றும் உண்டு. அதன் ஓரங்களில் ஹுமாயூனும் ஜஹாங்கீரும் தம் கையாலேயே குறிப்பு எழுதியிருக்கிறார்கள். ஒரு காரியத்தைத் தொடங்கு முன் அந்தத் திவானைத் திறந்து பார்த்து, கண்ணில் பட்ட அடியைக் கொண்டு பலன் அறிவது மொகலாயர் வழக்கம். அப்படிச் சகுனம் பார்ப்பது மார்க்கத்துக்கு உகந்ததா என்பது வேறு பேச்சு. இங்கே அதை எடுக்கவில்லை. பாதுஷாக்களின் மனத்துள் அந்தந்த நாளில் ஓடிய கவலை எதுவென்று அந்த ஓரக் குறிப்புகளால் தெரிகிறது. வேறெந்தச் சரித்திரப் புத்தகத்திலும் அது கிடைக்காது.

சேர்த்தவர்கள் பலர் உண்டு. சேர்த்ததைப் பெயர் சொல்லிப் பதிந்து வைத்தவர்கள் சிலரே. குதா பக்ஷ் அவர்களின் உண்மையான பெருமை இதில் இருப்பதாகவே எமக்குப் படுகிறது. கோர்ட்டு வேலைக்கிடையே ஒவ்வொரு கிதாபையும் எடுத்து, அதன் பெயர், எழுதியவர், அவர் வாழ்ந்த காலம், அவருடைய வரலாறு, நூலின் பொருள் ஆகியவற்றைப் பார்ஸி மொழியில் எழுதி வந்தார். மஹ்பூபுல் அல்பாப் என்ற பெயரில் அது ஹிஜ்ரி 1314இல் ஹைதராபாத்தில் அச்சாயிற்று. நூல்களையும் நூலாசிரியர்களையும் அறிமுகப்படுத்துவது அதன் நோக்கமென்று நூலின் முழுப் பெயரே கூறுகிறது. அந்தச் சமயம் அவர் நிஜாம் சமஸ்தானத்தின் பிரதம நீதிபதியாக அங்கே சுமார் மூன்று வருஷம் பணியாற்றிக்கொண்டிருந்தார். இஸ்லாமிய உலகின் பழைய நூலகங்களைப் பற்றி 1902இல் லண்டன் சஞ்சிகை ஒன்றில் ஆங்கிலத்திலும் ஒரு கட்டுரை எழுதினார்.

வெறும் ஜாபிதாவுக்கு இவ்வளவு பெருமையா என்று சிலர் நினைக்கலாம். பக்தாதில் கிதாபுகளைப் பிரதி எடுத்து விற்கும் தொழில் செய்த இப்னு நதீம் என்பவர் ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987இல், அல்ஃபிஹ்ரிஸ்த் என்ற பட்டியலைத் தொகுத்தார். அரபியில் தமக்குத் தெரிய வந்த நூல்களின் பெயர்களையும் ஆசிரியர்களையும் துறை துறையாக எழுதினார். 1258இல் தாத்தாரியர் பக்தாதைச் சூறையாடினார்கள். போர், நெருப்பு, கறையான் ஆகியவற்றுக்கும் எத்தனையோ இரையாயின. இப்னு நதீம் குறித்த நூல்களுள் பெரும்பாலானவை இன்று எங்குமே இல்லை. அவற்றுள் பல, அப்படியொன்று எழுதப்பட்டது என்ற செய்திக்கே அவருடைய பட்டியலைத்தான் சாட்சியாகக் கொண்டிருக்கின்றன. கிதாபு அழிந்த பின்னும் பெயர் நின்றது.

இஸ்தான்பூலில் ராணுவக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்த ஹாஜி கலீஃபா இன்னொருவர். காதிப் சலபீ என்பதும் அவர் பெயரே. 1609இல் பிறந்து 1657இல் மறைந்தவர். படையெடுப்பில் அலெப்போ நகருக்குப் போனபோது, மற்றவர்கள் ஓய்வெடுத்த நேரத்தில் அவர் கிதாபுக் கடைகளில் நுழைந்து கண்ணில் பட்ட நூல்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டார். வாரிசாக வந்த சொத்தைக் கிதாபு வாங்கிச் செலவிட்டார். சுமார் இருபது வருஷ உழைப்பில் கஷ்ஃபுழ் ழுனூன் உருவாயிற்று. 14,500 நூல்களுக்குக் குறையாமல் அதில் அகர வரிசையில் பதிந்திருக்கின்றன. இன்றும் மத்ரஸா ஆசிரியர்கள் ஒரு கிதாபின் பூர்வீகம் தெரிய வேண்டுமானால் அதைத் தேடுகிறார்கள். கிதாபு வியாபாரி, குமாஸ்தா, வக்கீல். மூவரும் தொழிலுக்கு வெளியே மிச்சமான நேரத்தில் இதைச் செய்தவர்கள் அல்லது தொழிலையே இதற்குச் சாக்காக ஆக்கிக்கொண்டவர்கள்.

ஹைதராபாத்திலிருந்து திரும்பிய குதா பக்ஷ் அவர்களின் கடைசி வருஷங்கள் சுகமானவை அல்ல. தகப்பனாரைப் போலவே அவரையும் பாரிச வாயு தாக்கிற்று. தொழில் செய்ய இயலவில்லை; கடன் ஏறிற்று. வங்காள அரசாங்கம் 8,000 ரூபாய் தந்து கடனைத் தீர்த்து, நூலகத்தின் காரியதரிசி என்ற முறையில் மாதம் 200 ரூபாய் அளித்தது. தாம் தானமாக எழுதிக் கொடுத்த கிதாபுகளுக்குத் தாமே சம்பளம் பெறும் ஊழியராக அவர் அமர்ந்தார். இதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கையிலிருந்த நாலாயிரத்தில் நாலு பிரதிகளை ரகசியமாக விற்றிருந்தால் கடன் தீர்ந்திருக்கும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

அவர் கண்ட ஒரு கனவைப் பற்றியும் சொல்வார்கள். நூலகத்தை ஒட்டிய தெருவில் ஜனங்கள் திரண்டு நிற்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நூலகத்துக்கு வருகை தந்திருக்கிறார்கள், நீர் எங்கே போனீர் என்று கேட்கிறார்கள். அவர் ஓடோடி உள்ளே போகிறார். அதற்குள் அவர்கள் சென்றுவிட்டார்கள். மேஜை மேல் ஹதீஸ் கிதாபுகள் இரண்டு திறந்தபடி இருக்கின்றன. நாயகம் (ஸல்) அவர்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கூடியிருந்தோர் சொல்கிறார்கள். விழித்தெழுந்த பின், அந்த இரண்டு பிரதிகளும் எக்காரணத்தாலும் நூலகத்தை விட்டு வெளியே போகலாகாதென்று அவற்றிலேயே எழுதி வைத்தாராம். கனவைக் கொண்டு சட்டம் வகுப்பதில்லை. ஆனால் ஒரு மனிதனின் உள்ளம் எங்கே கிடந்தது என்பதைக் கனவு காட்டிவிடும்.

1908ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் தேதி அவர் வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நூலக வளவுக்குள்ளேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். 1903இல் அங்கு வந்து பார்த்த வைஸ்ராய் கர்ஸன் பிரபுவின் பெயரால் ஒரு வாசிப்பு மண்டபம் பின்னர் எழுந்தது. டெனிஸன் ராஸ் என்ற அறிஞரின் மேற்பார்வையில் மௌலவி அப்துல் முக்ததிர் போன்றோர் ஆங்கிலத்தில் விவரப் பட்டியல் தயாரிக்கத் தொடங்கினார்கள். அதன் முதல் தொகுதி அவர் மறைந்த அதே 1908இல் வெளிவந்தது. பின்னர் அது முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக வளர்ந்தது. மகன் ஸலாஹுத்தீன் குதா பக்ஷ் இஸ்லாமிய சரித்திர ஆசிரியராகப் புகழ் பெற்றார். 1969இல் பாராளுமன்றச் சட்டத்தால் நூலகம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாயிற்று. 2021இல் மேம்பாலத்துக்காகக் கர்ஸன் மண்டபத்தை இடிக்கலாமென்ற யோசனை வந்தபோது, நாடெங்குமிருந்து எதிர்ப்புக் குரல் எழுந்தது. குரல் கொடுத்தவர்களுள் பலர் முஸ்லிம்கள் அல்லர்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இதை எழுதுவது மரக்காணம் உப்பளக் கரையோரத்திலிருந்து. கடல் நீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் காயவிட்டு, வாரி எடுத்துக் குவித்து வைப்பார்கள். மழைக்கு முன் அந்தக் குவியலை ஓலை போட்டு மூடிவிட வேண்டும். ஒரு நல்ல மழை போதும், பல மாத உழைப்பு வந்த வழியே கரைந்து கழிக்குப் போய்விடும். 2011 தானே புயலையும் 2024 பெஞ்ஜல் புயலையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தக் கரையின் காற்றில் உப்பு உண்டு. உப்பு ஈரத்தை இழுக்கும். இரும்புப் பெட்டி துருப்பிடிக்கிறது, கிதாபின் தாள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, பிறகு பூஞ்சை, பிறகு இராமபாணப் பூச்சி.

பூச்சியை விடப் பெரிய சேதம் நம் கையாலேயே நடக்கிறது. கிழிந்துபோன முஸ்ஹபின் தாள்களைக் காலில் மிதிபடாமல் சுத்தமான துணியில் சுற்றி, நடமாட்டமில்லாத இடத்தில் புதைப்பதோ, கனமான பொருளைக் கட்டி ஆழ்கடலில் சேர்ப்பதோ நம்மிடையே உள்ள நடைமுறை. மரியாதையின் பேரில் செய்வது. ஆனால் பாட்டனார் காலத்துப் பெட்டியைத் திறக்கும் பேரப் பிள்ளைகளுக்கு அரபு எழுத்தில் எது இருந்தாலும் குர்ஆன் போலவே தோன்றுகிறது. எல்லாம் ஒரே மூட்டையில் கடலுக்குப் போகிறது. அதில் அரபுத் தமிழ்க் கிதாபுகளும் போகின்றன! எழுத்து அரபு, மொழி தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (ரஹ்) இயற்றிய மகானீ, பத்ஹுத் தைய்யான் போன்ற சட்ட நூல்களைக் கொண்டுதான் தொழுகை, நோன்பு, தஹாரத் விவரங்களை நம் பாட்டிமார்கள் பல தலைமுறை ஓதிப் படித்தார்கள். அச்சானவை தவிரக் கையால் எழுதப்பட்ட மாலைகள், முனாஜாத்துகள், தாலாட்டுகள், வைத்தியக் குறிப்புகள் எத்தனையோ வீடுகளில் இருந்தன. அந்த எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். முஸ்ஹபின் தாள் ஒன்று கடலில் சேர்ந்தால் குர்ஆன் குறைந்துவிடாது. அது கோடிக்கணக்கான நெஞ்சங்களில் இருக்கிறது. ஊருக்கு ஒன்றாக எழுதப்பட்ட ஏடு போனால் போனதுதான்.

இத்துறையில் உழைத்தவர்கள் நம்மிலும் உண்டு. இலங்கைப் பேராசிரியர் ம. மு. உவைஸ் அவர்கள் தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டைப் பற்றிய தம் ஆராய்ச்சியை 1953இல் நூலாக்கினார்கள். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் அமர்ந்து, இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக அஜ்மல்கான் அவர்களுடன் சேர்ந்து எழுதினார்கள். அரபு, அரபுத் தமிழ், பார்ஸி நூல்களைப் பற்றித் தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் ஒரு பெருநூல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்ணில் படாத பிரதிகள் இன்னும் பரணில் கிடக்கக் கூடும்.

ஆகவே மூட்டை கட்டுமுன் ஒரு நாள் பொறுங்கள். ஊர்ப் பள்ளிவாசலின் ஆலிமையோ, அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த முதியவரையோ அழைத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கிதாபின் பெயர், இயற்றியவர், நகல் எடுத்தவர், அச்சானதாயின் அச்சுக்கூடமும் வருஷமும். வருஷம் பெரும்பாலும் ஹிஜ்ரியில் இருக்கும். முகப்புத் தாள் போயிருந்தால் கடைசித் தாளைப் பாருங்கள், நகல் எடுத்தவர்கள் தம் பெயரையும் தேதியையும் துஆவோடு அங்கேதான் எழுதி முடிப்பார்கள். ஓரத்தில் பிள்ளை பிறந்த நாள், நிக்காஹ் நடந்த நாள், கப்பல் ஏறிய நாள் என்று வீட்டார் கிறுக்கியிருந்தால் அதையும் விடாமல் குறியுங்கள். எத்தனை தாள், எது குறைவு, இப்போது யார் வீட்டில் இருக்கிறது. அடுத்த வீட்டிலும் கேளுங்கள். கிதாபைக் கேட்க வேண்டாம்; பார்த்துப் பெயர் எழுதிக்கொள்ள அனுமதி கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கைபேசியில் முதல் தாளையும் கடைசித் தாளையும் படமெடுத்துக்கொண்டால் மிகவும் நல்லது.

தாள்களை நேர் வெயிலில் காய வைக்க வேண்டாம். நிழலில் காற்றாட வைத்து உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ஒட்டும் நாடாவால் கிழிசலை ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளித்து எழுத்தையும் தின்றுவிடும். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து பெட்டியில் போடுவது பழைய வழக்கம். பெட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் உயரத்தில், கடல் பக்கத்துச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். நோட்டில் பென்ஸிலால் எழுதுங்கள். மை இந்தக் கரையின் ஈரத்தில் ஊறிப் பரவிவிடுகிறது.